ஸ்கந்தபுரத்துப் பட்டதாரியும் நமது புனைகதையும்

வன்னி நிலத்தைக் களமாகக் கொண்டு எழுந்த ஈழத்து நாவல்களை ஒருசேர வைத்து நோக்குவோமாயின் அவற்றிலே குளக்கட்டும் துருசும் உண்டு. மண்வெட்டியும் வேட்டைத் துவக்கும் உண்டு. பிற்காலத்தனவற்றிலே பதுங்குகுழியும் அகதி முகாமும் உண்டு. அந்நிலத்து விவசாயியின் மகள் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுகூடத்தில் அமர்ந்து செய்நிரல் எழுதப் பழகும் வாழ்க்கையோ இன்னும் நமது புனைகதைக்குரிய பொருளாகக் கருதப்படவில்லை. தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு என்றதும் நம்மிற் பலர் அதனை வேலைவாய்ப்பு விளம்பரத்துக்குரிய விஷயமாக ஒதுக்கிவிடுகின்றனர். இலக்கிய விமர்சனத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களும் உளர். வேலை உண்டு என்பதே இக்கட்டுரையின் கட்சி.

முன்னோர் செய்ததை முதலிற் சொல்லிவிடல் வேண்டும். 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டையும் அதனுள் வாழ்ந்த மனிதரையும் வெளியார் கண்ணுக்கு வேடிக்கைப் பொருளாக்காமல் உள்ளிருந்து காட்டிற்று. அந்நாவலிலே கல்வி, வெளியூரிலிருந்து வரும் ஆசிரியன் ஒருவனின் உருவத்திலே காட்டுக்குள் நுழைகிறது. நுழைந்து அங்குள்ள வாழ்வைக் கலைக்கவும் செய்கிறது. 1977இல் செங்கை ஆழியானின் 'காட்டாறு' வந்தது. கிராமத்து ஏழை விவசாயியை அதிகாரமும் பணமும் எவ்வாறு கைகோத்து நின்று சுரண்டுகின்றன என்பதைத் தயக்கமின்றி எழுதிய நாவல் அது. தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' காடழித்துக் கழனியாக்கிய தலைமுறையின் உழைப்பைப் பதிவுசெய்தது. இம் மூன்றையும் படித்தவருக்கு வன்னியிலே நிலம் யார் கையில் இருந்தது, யார் உழைத்தனர், யார் உண்டனர் என்பவை ஓரளவு விளங்கும். நிலத்தோடு நின்ற மனிதரையே அவை எழுதின என்று குறைகூறுதல் நியாயமாகாது. அந்நாவல்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் நிலமே வாழ்வாக இருந்தது.

இன்று அந்நிலை இல்லை. கிளிநொச்சி நகரின் மேற்குப் புறமாக, அக்கராயன் குளத்தை அண்டிய பகுதியிலுள்ள குடியேற்றக் கிராமங்களுள் ஒன்றாகிய ஸ்கந்தபுரத்தை எடுத்துக்கொள்வோம். வன்னிக் குடியேற்றங்களுக்கு வந்தோர் பெரும்பாலும் இரு திறத்தினர். தீபகற்பத்தில் நிலம் போதாமையால் வந்தவர் ஒரு சாரார். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர் மற்றொரு சாரார். பின்னவருட் பலர் பிறர் காணியிற் கூலிகளாகவே நின்றனர். 1996இல் கிளிநொச்சி நகரம் படையினர் வசமாகியபோது நகரத்து மக்கள் பெருந்தொகையாக அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. போத்தல் விளக்கிலேதான் பிள்ளைகள் படித்தனர். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் புலம்பெயர்ந்த தொழில்வல்லுநரின் உதவியோடு கிளிநொச்சியிலே 'வன்னிரெக்' என்னும் தொழில்நுட்பக் கல்வி நிலையம் தோன்றிற்று. கணினி என்னும் பொருளை வன்னிப் பிள்ளைகள் பலர் கையால் தொட்டது அக்காலத்திலேதான். போர் அதனையும் கொண்டுபோயிற்று. 2008இன் பிற்பகுதியில் அக்கராயன் பகுதிக் கிராமங்கள் யாவும் வெறிச்சோடின. மக்கள் முள்ளிவாய்க்கால் வரை சென்று, எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டு, பின்னரே படிப்படியாகத் திரும்பினர். முதலாம் வகுப்பை முகாமிலே தொடங்கிய பிள்ளை 2020களின் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிற்று. அப்பிள்ளைகளுட் சிலர் இன்று தகவல் தொழில்நுட்பப் பட்ட மாணவர்.

இவர்களைப் பற்றி நமது அச்சுப் பக்கங்களில் எதுவுமே எழுதப்படுவதில்லை என்று சொல்லிவிட முடியாது. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்திலே நாளிதழ்களில் வரும் சாதனைக் கதை ஒன்று உண்டு. அதனை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு விமர்சித்தல் தகும். நாவலைக் காட்டிலும் அதற்கு வாசகர் அதிகம். அதன் அமைப்பு மாறுவதில்லை. ஓலைக்குடிசை, கூலி செய்யும் தாய், இல்லாத தந்தை, விளக்கு வெளிச்சம், விடாமுயற்சி, மாவட்டத்தில் முன்னிலை, ஈற்றில் நாட்டுக்குச் சேவை செய்வேன் என்னும் உறுதிமொழி. தந்தை ஏன் இல்லை என்று அக்கதை கேட்பதில்லை. தாய் யாரிடம் கடன்பட்டாள், என்ன வட்டிக்குப் பட்டாள் என்று கேட்பதில்லை. 2017, 2018ஆம் ஆண்டுகளிலே வடக்கின் பெண்கள் நுண்கடன் கம்பனிகளுக்கு எதிராக வீதிக்கு வந்தனர். அவர்களுள் எத்தனை பேர் இச்சாதனையாளரின் தாய்மார் என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை. அப்பாடசாலையில் கணித ஆசிரியர் எத்தனை தவணை இருந்தார், எத்தனை தவணை இல்லாதிருந்தார் என்பது செய்தியாளருக்கு வேண்டாத விவரம்.

வறுமை அங்கே ஒரு நாடகத் திரைச்சீலை. கதாநாயகன் அதன் முன் நின்று பாடிவிட்டுப் போகிறான். திரைச்சீலை அப்படியே தொங்குகிறது. பழைய கதைகளிலே ஊழ் செய்த வேலையை இக்கதையிலே முயற்சி செய்கிறது. ஒருவன் முயன்று ஏறினான் எனின் ஏறாத நூறு பேர் முயலாதவர் என்னும் முடிவு, எழுதப்படாமலே வாசகர் நெஞ்சிற் பதிந்துவிடுகிறது. இவ்வகை எழுத்தின் பிற்போக்குத் தன்மை அதன் கண்ணீரிலே ஒளிந்துகொண்டிருப்பதால் நம்மவரிற் பலர் அதனை முற்போக்கென்றே மயங்குகின்றனர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இக்கதை பல்கலைக்கழக வாயிலோடு முடிந்துவிடும். வாயிலுக்கு அப்பாலுள்ள நான்கு ஆண்டுகளைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. உண்மையான நாவல் தொடங்கவேண்டிய இடமோ அதுதான்.

அந்த வாயிலை அடைந்த பாதையிலேயே எழுதுவதற்கு வேண்டிய வரலாறு கிடக்கிறது. பல்கலைக்கழக அனுமதியிலே 1971இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அப்பட்டமான அநீதி என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயின் மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி நாம் பேசும்போது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் குரலிலேயே பேசிப் பழகிவிட்டோம். கிளிநொச்சி 1984 பெப்ரவரியிலேதான் தனி மாவட்டமாயிற்று. அதுவரை அது யாழ் மாவட்டத்தின் பகுதி. ஆதலின் அந்தப் பத்தாண்டும் வன்னிக் குடியேற்றவாசியின் பிள்ளை, நூறாண்டு பழைமை வாய்ந்த தீபகற்பக் கல்லூரிகளின் மாணவரோடு ஒரே மாவட்டக் கணக்கில் நின்று போட்டியிட நேர்ந்தது. கல்வியில் முன்னேறிய மாவட்டத்தவன் என்று அரசு அவனைக் கணித்தது. காடழித்த குடியேற்றத்துப் பிள்ளை என்று அவனது பாடசாலை அவனுக்குச் சொல்லிற்று. இந்த முரண்பாட்டை மையமாக வைத்து ஒரு சிறுகதைகூட எழுதத் தோன்றாமல் இருந்துவிட்டோமே!

இப்போதைய முறையிலே, பெரும்பாலான விஞ்ஞான, தொழில்நுட்பக் கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை விகிதத்திலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பங்கிடப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டங்களுள் கிளிநொச்சியும் ஒன்று. இவ்வொதுக்கீடு இல்லையேல் ஸ்கந்தபுரத்துப் பிள்ளை பம்பைமடுவைக் கனவிலும் காணாது. எனினும் மாவட்டம் என்பது ஒரே தரமான நிலமன்று. நகரத்துத் தனியார் வகுப்புக்குச் சைக்கிளிற் போய்வரக்கூடிய பிள்ளையும், பஸ் தப்பினால் அன்றைய வகுப்பே தப்பும் பிள்ளையும் ஒரே இசட் புள்ளிப் பட்டியலில் நிற்கின்றனர். ஒதுக்கீடு மாவட்டத்தைக் காணும், வீதியைக் காணாது.

பம்பைமடு என்றேன். வவுனியா–மன்னார் வீதியிலுள்ள அவ்விடத்திலேதான் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தகவல் தொழில்நுட்பம் அங்கே முக்கியமான கற்கைத் துறை. போர் முடிந்த காலத்திலே பம்பைமடு என்ற பெயருக்கு வன்னியில் வேறு பொருள் இருந்தது: தடுத்து வைக்கப்பட்ட பெண்களின் முகாம். தாய் ஒருத்தி அப்பெயரைக் கேட்டு ஒருகணம் மௌனமாகிப் பின் மகளின் பெட்டியைக் கட்டத் தொடங்குவாளாயின், அம் மௌனத்தை எழுதுவதற்குச் சாதனைக் கதையிலே இடமில்லை. உள்வாரி அனுமதி கிடையாதவருக்கு வேறொரு பாதை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் அது. பதிவுசெய்து, தானே படித்து அல்லது தனியார் நிலையத்திற் பணங்கொடுத்துப் படித்து, பரீட்சை எழுதவேண்டும். ஒரு மட்டத்தோடு நின்றுவிட்டால் டிப்ளோமாவோடு திரும்பலாம். இலவசக் கல்வியின் வாயில் மூடப்பட்ட இடத்திலே கட்டணக் கல்வியின் பலகணி திறக்கிறது. 1945இன் இலவசக் கல்விச் சீர்திருத்தத்தை இன்றும் மேடைதோறும் புகழ்கிறோம். அது எங்கே முடிந்து எங்கே விலை தொடங்குகிறது என்பதை அளந்து பார்த்த எழுத்து அரிது.

மொழிப் பிரச்சினைக்கு வருவோம். இங்கே சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது. பாடசாலையில் இம்மாணவி தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைத் தமிழிலே கற்றாள். பணிசெயல் முறைமை, தரவுத்தளம், விரிதாள், பாய்ச்சற் கோட்டுப்படம், மாறி என்பனவே அவள் அறிந்த சொற்கள். பல்கலைக்கழகத்திலே முதல் விரிவுரையிலிருந்தே யாவும் ஆங்கிலம். தான் அறிந்த பொருள் வேறொரு பெயரில் எதிரே வந்து நிற்க, அதனை இனங்காணாமல் அவள் திகைக்கிறாள். தருக்கம் அவளுக்குத் தெரியும், வாக்கியம் தெரியாது. பரீட்சை விடைத்தாளில் இரண்டையும் பிரித்து மதிப்பிடும் வழியில்லை. ஆதலால் ஆங்கிலக் குறைபாடு அறிவுக் குறைபாடாகப் பதிவாகிறது. அவளும் காலப்போக்கில் அவ்வாறே நம்பத் தொடங்குகிறாள். அதுதான் கொடுமை.

தமிழில் உயர் தொழிற்கல்வி இயலாது என்பார்க்கு மானிப்பாயை நினைவூட்டவேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே அங்கு மேலை வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், அவ்வாறு பயின்றோர் வைத்தியர்களாகத் தொழிலும் புரிந்தனர். 1950களிலே அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்களை அகராதிகளாக வெளியிட்டது. அம்மரபின் தொடர்ச்சியே இன்றைய பாடநூல்களிலுள்ள கணினிச் சொற்களும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் வாதிக்க வரவில்லை. உலகத்துக் கணினித் தொழில் அம்மொழியிலே நடக்கிறது. அதனை மறுத்து ஸ்கந்தபுரத்துப் பிள்ளையிடம் தூய்மை பேசுவது, கொழும்பில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவனுக்கே வேலைகளை விட்டுக்கொடுப்பதாகும். பதின்மூன்று ஆண்டு ஒரு மொழியிற் கற்பித்துவிட்டு, ஒரே நாளில் அம்மொழியைப் பறித்து, இடையில் சில வார ஆங்கில வகுப்பொன்றைப் பாலமென்று காட்டும் முறையையே கண்டிக்கிறேன். எந்தப் பண்டிதரும் இந்தப் பாலத்தின் அகலத்தை அளந்ததில்லை. தமிழ் மாநாடுகளிலே பேசுவதற்கு அவர்களுக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

பாடத்தின் உள்ளடக்கமும் விமர்சனத்துக்குரியதே. தரவுத்தளம் பற்றிய பாடநூல்களிலே வழக்கமாக வரும் உதாரணம் ஒரு கம்பனி: ஊழியர் ஓர் அட்டவணை, பிரிவுகள் ஓர் அட்டவணை, செயற்றிட்டங்கள் ஓர் அட்டவணை. ஒவ்வொரு நிரைக்கும் ஓர் உரிமையான இலக்கம். தெளிவான உதாரணம்தான். இனி அதே மாணவி தன் கிராமத்தின் காணிப் பதிவை அவ்வாறு அட்டவணையாக்க முற்படுகிறாள் என்று கொள்வோம். குடியேற்றக் காணிக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. அரசின் ஒப்புதலின்றி விற்க முடியாது. பத்திரம் யார் பெயரில்? பாட்டன் பெயரில். பாட்டன் எங்கே? இறந்துவிட்டார். பின்னுரித்தாளி? தந்தை. தந்தை? உயிரோடு உள்ளார் என்று எழுத முடியாது. இறந்தார் என்று எழுதத் தாய் சம்மதிக்கமாட்டாள். பத்திரம்? இடப்பெயர்விலே தொலைந்தது.

தரவுத்தளப் பாடத்திலே வெற்றுப் பெறுமானம் என்று ஒன்று கற்பிக்கப்படும். அது பூச்சியமும் அன்று, வெற்றெழுத்தும் அன்று. பெறுமானம் தெரியாது என்பதே அதன் பொருள். அதனோடு எதனை ஒப்பிட்டாலும் உண்மை என்றோ பொய் என்றோ விடை வராது. தெரியாது என்பதே மீண்டும் வரும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி அமர்ந்த தாய்மார் கேட்டது அந்தப் பெறுமானத்தையே. 2016இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. அரசே தன் பதிவேட்டில் மூன்றாவது விடையொன்றை ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது. ஸ்கந்தபுரத்துப் பிள்ளை விரிவுரை மண்டபத்தில் இந்த இலக்கணத்தைக் கற்கும் நாளிலே அருகில் அமர்ந்திருக்கும் கொழும்பு மாணவன் அதனைப் பரீட்சைக்குரிய ஒரு குறிப்பாக எழுதிக்கொள்கிறான். இவள் என்ன எழுதிக்கொள்கிறாள்? நமது யதார்த்தவாதம் இதுவரை கேட்டிராத வினா இது. தொழில்நுட்பப் பாடம் வறண்டது, அதிலே இலக்கியம் முளைக்காது என்று சொல்லும் நண்பருக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மகாபொல உதவிப்பணம் நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாவாக நின்றது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் 7,500 ரூபா ஆயிற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. மடிக்கணினி என்பது முழுக்க இறக்குமதிப் பொருள். உழவனின் நெல்லோ உள்நாட்டு விலைக்கு விற்பது. அந்த மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. அதற்கு முந்திய ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில், ஊவாவிலுள்ள போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்தின் ஆசிரியரும் மாணவரும் தொலைபேசி அலை தேடி மலையுச்சிக்கு ஏறியது உலகச் செய்தியாயிற்று. ஏறியவர்களுட் பாடங்களை அனுப்பிய தகவல் தொழில்நுட்ப ஆசிரியை ஒருவரும் இருந்தார். வன்னியிலே ஏறுவதற்கு மலையும் இல்லை. அந்த ஆசிரியைக்கும் அக்கராயன் பகுதி ஆசிரியைக்கும் இடையே மொழி வேறு, நிலைமை ஒன்று. இதனை இரு மொழி எழுத்தாளரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு நம்மிடம் இன்று ஏடுகள் குறைவு.

தமிழகத்தில் இத்துறை பற்றி நாவல்கள் வந்துள்ளனவே என்று கேட்கலாம். வந்துள்ளன. இரா. முருகனின் 'மூன்று விரல்' கடல் கடந்து வேலைக்கு அலையும் மென்பொருளாளனை அத்துறையின் உள்ளிருந்தே எழுதியது. விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' சென்னையின் மென்பொருள் வீதியையும் அதனாற் பெயர்க்கப்பட்ட மனிதரையும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது நாவலின் தொனியிலே பரபரப்பு மிகுந்து ஆய்வு குறைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். எனினும் நிலம் போனவனையும் நிலத்தின்மேல் எழுந்த கண்ணாடி மாளிகையையும் ஒரே சட்டகத்தில் வைத்தமைக்கு அதனைப் பாராட்டவேண்டும். இவ்விரு நாவல்களின் மனிதர்களும் வேலையில் அமர்ந்தவர்கள். பட்டம் அவர்களுக்கு முடிந்துபோன கதை. பட்டமே போர்க்களமாக இருக்கும் மனிதரை அவற்றிலே தேடிப் பயனில்லை. அது ஈழத்தவர் எழுதவேண்டியது.

முற்போக்கு முகாமுக்குள்ளிருந்தே ஓர் ஆட்சேபம் வரும். இம் மாணவர் தொகை சிறியது. போருக்குப் பின் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறும் பெண்களே பெருந்தொகையினர். பட்டம் என்பது மேலே ஏறத் துடிக்கும் குட்டி முதலாளித்துவ ஆசை. அதை விட்டுத் தொழிலாளியை எழுதுக என்பர். தொழிலாளியை எழுதவேண்டும் என்பதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால், இவ்விருவரும் இரு வேறு வீட்டுப் பிள்ளைகள் என்று இந்நண்பர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் மூத்தவள் பம்பைமடு விடுதியிலிருந்து மாதமொருமுறை வருகிறாள். இளையவள் நாள்தோறும் தொழிற்சாலையிலிருந்து வருகிறாள். மடிக்கணினியின் தவணைப் பணம் இளையவளின் சம்பளத்திலிருந்து போகிறது. இப்படியொரு வீடு வன்னியிலே அதிசயமன்று. மூத்தவள் பட்டம் பெற்றுக் கொழும்பிலே அந்நியக் கம்பனியின் வேலையை மணிக்கணக்கில் விற்கப் போகிறவள். இளையவள் அந்நியச் சந்தைக்குத் துணியை உருப்படிக் கணக்கில் தைப்பவள். எவள் பாட்டாளி, எவள் குட்டி முதலாளித்துவம் என்று சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் விமர்சகர் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கவேண்டும்.

கார்க்கியின் தன்வரலாற்றின் மூன்றாம் பாகம் பல்கலைக்கழகங்களைத் தலைப்பிலே கொண்டது. பல்கலைக்கழகத்திற் சேரும் எண்ணத்தோடு கசான் நகருக்குப் போன இளைஞன், அந்த எண்ணம் நிறைவேறாமல் துறைமுகத்திலும் ரொட்டிச் சூளையிலும் கற்றவையே அந்நூல். அதனை எடுத்துக்காட்டி, வாழ்க்கையே பல்கலைக்கழகம், பட்டம் எதற்கு என்று நம் இளைஞருக்கு உபதேசம் செய்யும் வழக்கம் ஒன்று நம்மிடையே இருந்துவருகிறது. அவ்வாறு உபதேசிப்போர் பெரும்பாலும் பட்டதாரிகள். கார்க்கி அதை எழுதிய காரணம் வேறு. கதவு மூடப்பட்டிருந்ததை அவர் மறக்கவில்லை. ஸ்கந்தபுரத்துப் பிள்ளைக்குக் கதவு அரைவாசி திறந்திருக்கிறது. அந்த அரைவாசியினூடே உடலை ஒடுக்கி நுழையும்போது எது உராய்கிறது, எதை வெளியே விட்டுச் செல்லவேண்டியிருக்கிறது, உள்ளே சென்றபின் தங்கையின் முகத்தை நேரே பார்க்க முடிகிறதா என்பனவற்றை எழுதக்கூடியவர்கள் இன்று அவ்விடுதிகளிலேயே இருக்கிறார்கள். செய்நிரல் எழுதக் கற்ற கையால் தமிழ் எழுதவும் அவர்களாற் கூடும். அவர்களின் முதற்கதைகள் மொழியிற் கரடுமுரடாக இருக்கலாம். ஆங்கிலச் சொற்கள் மிகுந்திருக்கலாம். நடை போதாது என்று திருப்பி அனுப்பிவிடாமல் அவற்றை அச்சிடுவதற்கு நம் ஏடுகள் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதை ஆசிரியர்களே சொல்லவேண்டும்.